52-வது பெயர்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, திருவண்ணாமலை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மலைமேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற எங்க ஊர்த் திருவண்ணாமலை. தென் திருப்பதி என்று சொல்வோம். திருப்பதி போக முடியாதவர்கள் நேர்த்திக்கடனை இங்கே செலுத்துவது வழக்கம். தரிசனம் முடித்து இறங்கும்போது கூட்டத்தில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. அக்கா மகன். பதினேழு வயது, ஆறு அடி ஐந்து அங்குலம். அவனைத் தொலைத்துவிடுவோம் என்ற பயமே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

பாதிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது கேட்டான்: "மாமா, சத்னாம் சிங் என்பிஏல 52-வதா செலக்ட் ஆனார்ல? அப்புறம் ஏன் ஒரு மேட்ச்கூட ஆடல?"

பயல் சும்மா கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் தொடர்பு கொண்டு, பையனை அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன், முதல் வருஷச் செலவை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செலவு அக்காவின் நகை மொத்தத்தையும் விடக் கொஞ்சம் அதிகம். இன்னொரு பக்கம், சென்னையில் ஒரு கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் தருகிறது. அமெரிக்காக்காரர் அனுப்பிய படங்களில் முதல் படம் சத்னாம் சிங்தான்.

அன்று படியில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன என்பதை ஐபிஎல் பழக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல்லில் ஏலம், யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆள். என்பிஏவில் விலையே கூறுவதில்லை, வரிசைதான். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னிடம். அதிலும் முதல் சில இடங்களைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். முப்பது அணி, இரண்டு சுற்று, மொத்தம் 60 பெயர். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்த 60 பேருமே "செலக்ட் ஆனவர்கள்". உள்ளே கதை வேறு. முதல் சுற்று 30 பேருக்குச் சம்பளம் விதிப்படி உறுதி. இரண்டாம் சுற்றுக்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவரை எடுத்த அணி வாங்குவது ஒரு உரிமையை மட்டும்: இந்த ஆளோடு என்பிஏ ஒப்பந்தம் பேசுவதென்றால் நான்தான் பேசுவேன், மற்றவர்கள் ஒதுங்குங்கள் என்கிற உரிமை. பேசியே ஆகவேண்டும் என்று இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்தது, கல்யாணத் தேதி குறிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2015 ஜூன் 25, புரூக்ளின். அன்று டல்லாஸ் மாவரிக்ஸ் இரண்டு பேரை எடுத்தது. 21-வதாக ஜஸ்டின் ஆண்டர்சன், 52-வதாக சத்னாம் சிங் பமரா. முதலாமவருக்கு ஒப்பந்தம் உறுதி. இரண்டாமவர் இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் பெயர் வந்த முதல் மனிதர். மறுநாள் நம்ம பத்திரிகைகளில் முதலாமவரின் பெயரே இல்லை, அது நியாயம்தான். ஆனால் உறுதி யாருக்கு, உரிமை மட்டும் யார்மேல் என்ற வித்தியாசத்தையும் யாரும் எழுதவில்லை.

சத்னாம் பிறந்தது 1995 டிசம்பரில், பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சின்னக் கிராமத்தில். அப்பா பல்பீர் சிங் ஏழடிக்கு மேல் உயரம். விவசாயம், கூடவே மாவு மில். அவருக்கும் இளமையில் பேஸ்கட்பால் ஆடச் சொல்லி யோசனை வந்திருக்கிறது. வீட்டில் வயல் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் பட்டது. உயரம் அந்தக் குடும்பத்தில் முந்தைய தலைமுறையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரிந்த ஓர் இடம்தான் இல்லை. மகன் காலத்தில் அந்த இடம் இருந்தது: லூதியானா பேஸ்கட்பால் அகாடமி. பத்து வயது வாக்கில் பையனை அங்கே கொண்டுபோய் விட்டார்.

லூதியானாவில் அவனை வளர்த்தெடுத்த கோச்சின் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நம்ம பக்கத்துப் பெயர். பஞ்சாபி விவசாயிகள் வீட்டு நெட்டைப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் ஆட்டக்காரர்களாக்கியவர். 2013-ல் இறந்துபோனார், டிராஃப்ட் நாளைப் பார்க்கவில்லை. இந்தியாவின் பெரிய உயரக்காரர்களில் பலர் அந்த ஒரே அகாடமியில் இருந்து வந்தவர்கள் என்பதைப் பார்க்கும்போது, இந்திய பேஸ்கட்பால் வரலாறு என்று நாம் சொல்வது உண்மையில் சில மைதானங்கள், சில கோச்சுகளின் வரலாறுதான் என்று தோன்றுகிறது.

எங்க ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு பஞ்சாலை, நாய், மாம்பழம். உள்ளூர்க்காரர்களுக்கு இவற்றோடு பேஸ்கட்பால் (கூடைப்பந்து என்பது பேப்பரில்தான், வாயில் யாருக்கும் வராது). சாயங்காலம் லைட் போட்டு மேட்ச் நடக்கும்போது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் ரெஃப்ரியிடம் சண்டைக்கு நிற்பதைச் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டை போடுபவர்களிடம் "இந்தப் பையன் அடுத்து எங்கே போவான்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: நல்ல காலேஜ், அப்புறம் ரயில்வே, பேங்க், போலீஸ், எங்கேயாவது வேலை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பின்னால் வருகிறேன்.

2010-ல் சத்னாமுக்கு 14 வயது, உயரம் ஏற்கெனவே ஏழடி. ஐஎம்ஜி-ரிலையன்ஸ் திட்டத்தில் உதவித்தொகை கிடைத்து ஃபுளோரிடாவில் பிராடன்டன் நகரத்து ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்: உதவித்தொகையில் போனார். அப்பா மில்லை விற்றுக் கட்டணம் கட்டவில்லை. ஆங்கிலம் கிட்டத்தட்ட தெரியாத பையன். சாப்பாடு வேறு, வகுப்பு வேறு, கோச் சொல்வது புரிய இன்னொருவர் வேண்டும். ஐந்து வருஷம் அங்கேயே இருந்தார். இடையில் 2011-ல், 15 வயதிலேயே, இந்திய சீனியர் அணிக்கும் ஆடினார். அப்புறம் கல்லூரிக்குப் போகாமல், எந்த நாட்டிலும் தொழில்முறை லீகில் ஆடாமல், நேராக 2015 டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்.

இது சாதாரணமாக நடப்பதில்லை. பள்ளியில் இருந்து நேரே என்பிஏவுக்கு வருவதை 2005-ல் விதி போட்டு நிறுத்திவிட்டார்கள். 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷம் கடந்திருக்க வேண்டும். அதனால் எல்லாரும் குறைந்தது ஒரு வருஷமாவது கல்லூரியிலோ வெளிநாட்டு லீகிலோ ஆடிவிட்டு வருவார்கள். சத்னாம் பள்ளிப் படிப்புக்குப் பிறகான ஒரு வருஷத்தையும் ஐஎம்ஜியிலேயே முடித்திருந்ததால் விதிக்குள் வந்துவிட்டார். அந்த விதி வந்தபிறகு கல்லூரி, டி-லீக், வெளிநாடு எதிலும் ஆடாமல் டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர். பத்திரிகைகள் இதையும் ஒரு சாதனையாக எழுதின. எனக்கு இது எச்சரிக்கையாகத் தெரிகிறது. மற்ற 59 பேரும் யாரோ ஒரு வலுவான எதிராளியோடு மோதி, தோற்று, கற்றுக்கொண்டு வந்தவர்கள். இவர் அந்த வகுப்பைத் தாண்டிக் குதித்து வந்தார்.

இன்னொன்று, காலம். இங்கேதான் விதி விளையாடியது என்பேன்.

சத்னாம் 7 அடி 2 அங்குலம், 130 கிலோ சுமார். கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் கொடுத்து நின்று, பந்தை வாங்கித் திரும்பிப் போடுகிற பழைய பாணி சென்டர். அதற்காகவே வளர்க்கப்பட்டவர். டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்பு, ஜூன் 16 அன்று, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்பிஏ சாம்பியன் ஆனது. எப்படி ஆனது என்று பாருங்கள். இறுதித் தொடரில் பின்தங்கி இருந்தபோது, நாலாவது ஆட்டத்தில் அவர்கள் தங்கள் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரில் இருந்து எடுத்துவிட்டு, ஆண்ட்ரே இகுவோடாலாவை இறக்கினார்கள். ஆறடி ஆறு அங்குல டிரேமண்ட் கிரீன் சென்டராக நின்றார். போகட் யார்? 2005 டிராஃப்டில் முதல் பெயர். கிரீன் யார்? 2012-ல் 35-வது பெயர், இரண்டாம் சுற்று. முதல் பெயர் பெஞ்சில், 35-வது பெயர் அவர் இடத்தில், கோப்பை கையில். அதோடு லீகே மாறியது. எல்லாரும் தூரத்தில் இருந்து மூன்று புள்ளிக்குப் போட ஆரம்பித்தார்கள். கூடைக்குக் கீழே மரம் போல நிற்கிற ஆளை வெளியே இழுத்து ஓடவிட்டு ஓடவிட்டுச் சோர வைத்தார்கள்.

சத்னாம் மாதிரியே 7 அடி 2 அங்குலம் உள்ள ராய் ஹிப்பர்ட் 2012, 2014 இரண்டு வருஷமும் ஆல் ஸ்டார். 2017-க்குப் பிறகு அவருக்கே லீகில் இடமில்லை. ஆல் ஸ்டாருக்கே அந்தக் கதி என்றால், அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அப்போதுதான் உள்ளே வந்த 19 வயதுப் பையனுக்கு?

டல்லாஸ் அவரோடு என்பிஏ ஒப்பந்தம் போடவில்லை. கோடைக்கால லீகில் ஆட வைத்தார்கள். பிறகு தங்கள் கிளை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸுக்கு அனுப்பினார்கள். அது டி-லீக், இப்போது அதற்கு ஜி-லீக் என்று பெயர் (அந்த 'ஜி' ஒரு குளிர்பான விளம்பரம். நம்ம ஊர் டோர்னமென்ட் போஸ்டரில் ஜவுளிக்கடை பெயர் வருவதைக் கேலி செய்பவர்கள் கவனிக்கவும்). 2015-16 சீசனில் டி-லீக் சம்பளம் மூன்று படி: 13,000, 19,000, 25,000 டாலர். சீசன் முழுவதற்கும். அமெரிக்காவில் வாடகை கொடுத்து வாழ்ந்தால் கையில் என்ன மிஞ்சும் என்று அங்கே இருக்கிற உறவினரைக் கேட்டால் தெரியும். இங்கே நாமெல்லாம் "என்பிஏ வீரர்" என்று கோடிகளைக் கற்பனை செய்துகொண்டிருந்தோம்.

சம்பளத்தைக்கூட விடுங்கள். நிமிஷம் கிடைக்கவில்லை. இரண்டு சீசன் இருந்தார், பெரும்பாலும் பெஞ்சில். இறங்கியபோதும் சில நிமிஷங்கள்தான். சராசரி ஆட்டத்துக்கு இரண்டு புள்ளியைத் தொடவில்லை. கிளை லீகின் சங்கடமே இதுதான். வளர்ப்பதற்கான இடம் என்று பெயர். ஆனால் அங்கேயும் கோச் ஜெயிக்க வேண்டும், கூட ஆடும் ஒவ்வொருவனும் மேலே போகத் துடிக்கிறவன். வேகமான ஓட்ட ஆட்டத்தில் மெதுவாகத் திரும்பும் பெரிய உடம்புக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஆடாமல் கால் வேகம் வராது, வேகம் இல்லாமல் ஆட விடமாட்டார்கள்.

2015-ன் அதே இரண்டாம் சுற்றில் 46-வதாக வந்தவர் நார்மன் பவல். சத்னாமுக்கு ஆறு பெயர் முன்னால், அவ்வளவுதான். அவர் யுசிஎல்ஏவில் நாலு வருஷம் முழுசாக ஆடியவர். டொராண்டோ அணிக்குப் போனார், கிளை அணியிலும் கொஞ்சம் ஆடினார், 2019-ல் அந்த அணி சாம்பியன் ஆனபோது அதில் இருந்தார். 46-க்கும் 52-க்கும் நடுவில் இருந்தது ஆறு எண் இல்லை, நாலு வருஷ மேட்ச்.

இன்னும் நல்ல ஒப்பீடு ஒன்று கிடைத்தது. அதே டல்லாஸ் அணி, 16 வருஷம் முன்னால், 1999. அப்போதும் ஒரு பெரிய ஆசிய நாட்டின் ஆளை இரண்டாம் சுற்றில் எடுத்தது. சீனாவின் வாங் ஷிஷி, 36-வது பெயர், அவரும் ஏழடிக்காரர். ராணுவ அணியான பாயியில் ஆடிக்கொண்டிருந்தார். 1996 ஒலிம்பிக்கில் ஆடியவர். சீனாவின் சிபிஏ லீக் 1995-லேயே ஆரம்பித்துவிட்டது, அதில் பாயி அணிதான் ராஜா. டிராஃப்ட் ஆன பிறகும் இரண்டு வருஷம் அவரை வெளியே விடவில்லை. அந்த இரண்டு வருஷமும் அவர் சும்மா இல்லை. ஊரில் ஒவ்வொரு ஆட்டத்திலும் முக்கிய ஆளாக இறங்கிக்கொண்டே இருந்தார். 2001 ஏப்ரலில் டல்லாஸுக்காக இறங்கி, என்பிஏவில் ஆடிய முதல் சீனர் ஆனார். பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆனால் மூன்று அணிகளில் மாறி மாறி 2005 வரை இருந்தார். அவருக்கு அடுத்த வருஷம், 2002-ல், யாவ் மிங் முதல் பெயராகப் போனார். அவரும் ஷாங்காய் அணிக்கு ஐந்து சீசன் ஆடிவிட்டுத்தான் போனார்.

தாமதமாக எடுக்கப்பட்டு உயர்ந்தவர்கள் என்று எல்லாரும் சொல்லும் பெயர்களும் இதையே சொல்கின்றன. மனு ஜினோபிலி 1999-ல் 57-வது. அதே வருஷ டிராஃப்ட்தான். மூன்று வருஷம் இத்தாலியில் ஆடிவிட்டு 2002-ல் வந்தார், சான் அன்டோனியோவுடன் நாலு கோப்பை. நிகோலா யோகிச் 2014-ல் 41-வது. அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் செர்பியாவிலேயே தங்கி ஆடினார், அப்புறம் வந்தார், மூன்று முறை எம்விபி. ஐசையா தாமஸ் 60-வது, கடைசிப் பெயர், ஐந்தடி ஒன்பது அங்குலம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம். இந்தக் கதைகளை "நம்பிக்கை இருந்தால் முடியும்" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். நான் பார்ப்பது, இவர்களில் ஒவ்வொருவருக்கும் நிமிஷம் கொடுக்க ஒரு அணி இருந்தது என்பதை. யோகிச்சை டென்வர் செர்பியாவில் விட்டுவைக்க முடிந்தது, ஏனென்றால் செர்பியாவில் விட்டுவைக்க ஓர் இடம் இருந்தது. சத்னாமை டல்லாஸ் எங்கே விட்டுவைக்கும்? இந்தியாவிலா?

இந்தியாவில் 2015-ல் என்ன இருந்தது? அந்த வருஷம்தான் யுபிஏ என்று ஒரு லீக் ஆரம்பித்தார்கள், சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஒரு அணி. 2017-க்குள் நாலு சீசன் ஆடி முடிந்துபோனது. ஒவ்வொரு சீசனும் சில வாரங்கள். பிறகு ஐஎன்பிஎல் வந்தது, சென்னை ஹீட் வந்தது. இவற்றைக் குறைசொல்லவில்லை, ஆனால் எட்டு மாதம் தொடர்ந்து, வாரத்துக்கு இரண்டு ஆட்டம், தன்னைவிட நல்லவனோடு மோதுகிற ஏற்பாடு இந்தியாவில் இதுவரை இருந்ததில்லை.

இதில் வேடிக்கை, நாம் இந்த ஆட்டத்துக்குப் புதியவர்கள் இல்லை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி பக், 1920-ல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களில் எத்தனை தலைமுறை அங்கே படித்து வந்திருக்கிறது! ஆட்டம் பிறந்த இடத்துக்கும் நமக்கும் ஒரே ஓர் ஆள் தூரம்தான் இருந்தது. தேசியப் போட்டி 1934-லேயே தொடங்கியாச்சு. ஆனால் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியது ஒரே ஒரு தடவை, 1980 மாஸ்கோ, அதுவும் பாதி உலகம் புறக்கணித்ததால் கிடைத்த இடம். ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு நூறு வருஷமாக இருக்கிறது. கற்றவன் அதையே தொழிலாகச் செய்யும் ஏற்பாடு வரவில்லை. அந்த இடத்தைத்தான் அரசு வேலை நிரப்பியது: ஐஓபி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, ஓஎன்ஜிசி. இந்திய பேஸ்கட்பாலை இத்தனை வருஷம் சோறு போட்டுக் காப்பாற்றியது இந்த அலுவலக அணிகள்தான். சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைவியாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் காலத்து இந்தியப் பெண்கள் பலருக்கும் வாழ்க்கை ரயில்வேயில்தான். அதனால் ராஜபாளையத்துப் பெரியவர்கள் "நல்ல காலேஜ், அப்புறம் வேலை" என்று சொன்னபோது ஆசை இல்லாமல் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருக்கிற ஒரே ஏணியைச் சொன்னார்கள்.

சத்னாமுக்குப் பிறகு வந்தவர்கள் சின்னச் சின்னப் படியாகத்தான் ஏறினார்கள். பல்பிரீத் சிங் பிராரை 2016-ல் டி-லீக் டிராஃப்டில் லாங் ஐலண்ட் நெட்ஸ் எடுத்தது, சீசன் தொடங்குமுன் விட்டுவிட்டது. லூதியானாவில் வளர்ந்த அம்ஜோத் சிங் ஜப்பானில் ஆடிவிட்டு, 2017-ல் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவுக்குப் போனார். அம்ரித்பால் சிங் இன்னும் சுவாரஸ்யம்: பதினெட்டு, பத்தொன்பது வயது வரை வயலில் வேலை செய்தவர், அதற்கப்புறம்தான் பந்தையே தொட்டார், அவரும் ஜப்பானில் ஆடி, 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் வரை போனார். இந்த இருவரும் இருந்த இந்திய அணிதான் 2014-ல் வூஹானில் சீனாவை 65-58 என்று வென்றது. பிரின்ஸ்பால் சிங் என்பிஏவே டெல்லி பக்கம் நடத்திய அகாடமியில் பயின்று, ஜி-லீக் இக்னைட்டில் ஆடி, 2021-ல் கோடைக்கால லீகை வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார். என்பிஏவில் உண்மையாகவே களம் இறங்கிய முதல் இந்திய வம்சாவளிக்காரரான சிம் புல்லர், டிராஃப்டில் எடுக்கப்படவே இல்லை. கனடாவில் பிறந்து, அமெரிக்கக் கல்லூரியில் ஆடி, 2015 ஏப்ரலில், சத்னாமின் பெயர் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே இறங்கிவிட்டார். இன்றுவரை 60 பெயருக்குள் வந்த இந்தியர் சத்னாம் ஒருவரே.

அவர் கதை அதோடு முடியவில்லை. டெக்சஸில் இருந்து திரும்பி இந்தியாவுக்காக ஆடினார், 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியிலும் இருந்தார். 2018-19-ல் கனடா லீகில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்கு ஆடினார். 2019 நவம்பரில், தெற்காசியப் போட்டிக்கான பெங்களூரு முகாமில் எடுத்த ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார். தான் எதுவும் எடுக்கவில்லை என்று மறுத்து விசாரணை கேட்டார். 2020 டிசம்பரில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இரண்டு வருஷத் தடை விதித்தது. 24 முதல் 26 வயது வரை, ஒரு சென்டர் முதிர்கிற வயசு, அப்படியே போனது. 2021-ல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனம் ஒன்றில் (ஏஇடபிள்யூ) சேர்ந்தார், 2022 ஏப்ரலில் வளையத்தில் ஏறினார். சிலர் இதைக் கேலியாக எழுதினார்கள். எனக்குக் கேலி வரவில்லை. முப்பது வயதுக்குள் மூன்று நாடு, இரண்டு தொழில். கடைசியில் அந்த உயரத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்த இடம் எதுவோ அங்கே போயிருக்கிறார். அவர் அப்பாவுக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

இதையெல்லாம் அக்கா வீட்டுத் திண்ணையில் பயலிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டான் என்று சொல்ல மாட்டேன். வாங் ஷிஷி ஆடிய பழைய வீடியோவை மட்டும் ரெண்டு தடவை பார்த்தான். ஏழடி ஆள் வெளியே நின்று மூணு பாயின்ட் போடுவது அவனுக்குப் பிடித்துப்போனது. வாட்ஸ்அப்காரரிடம் அக்கா என் சொல்படி ஒரு கேள்வி அனுப்பினாள்: உதவித்தொகை உண்டா, உண்டென்றால் பள்ளியே கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். நீல டிக் விழுந்து பதினோரு நாள் ஆகிறது.

சென்னைக் கல்லூரிக்கு வரும் வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம். ஹாஸ்டல் எப்படி, சாப்பாடு எப்படி என்று அக்கா கேட்டுக்கொள்வாள். நான் கோச்சிடம் கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்: இப்போது உங்கள் டீமில் சென்டர் யார், அவர் எந்த வருஷம் படிக்கிறார்?

பயல் அதை எட்டிப் பார்த்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தான். "என்னை வெளியே நின்னு ஷூட் பண்ண விடுவீங்களா?"